நண்டு மார்க் கேஸில் நான் கிளார்க்

உங்களுக்கு இதெல்லாம் எதற்கு? வக்கீலுக்குப் படிக்கிறவர்கள் புத்தகத்தைப் பார்த்துப் படிக்க வேண்டியதுதானே? அஞ்சாவதோடு நின்றுவிட்ட கிழவியிடம் வந்து, "உங்க மருமக தனியா ஆபீஸ் போட்ட கதைய சொல்லுங்க" என்று உட்கார்ந்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வருகிறது. கேட்டுவிட்டு எங்கே போய்ச் சொல்லப் போகிறீர்கள்? யார் அனுப்பினார்கள்? அடுத்தவர் வீட்டு முன்ரூமில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள அத்தனை ஆசை இருந்தால் கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் போய் நில்லுங்கள். நூறு கதை கிடைக்கும், டீயும் கிடைக்கும்.

சரி, வந்துவிட்டீர்கள். சொல்கிறேன். கதைக்குச் சொந்தக்காரரிடம் கேட்டாகிவிட்டது. "சொல்லுங்கக்கா, நான் பண்ண தப்பையும் சேத்தே சொல்லுங்க, இன்னொருத்தன் பண்ணாம இருப்பான்" என்று அனுமதி கொடுத்திருக்கிறார். பேர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். நிஜப் பேர் என்ன என்று தோண்ட வேண்டாம்.

1. பூட்டின பீரோ

கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு போல்ட் நட்டு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தேன். வேலை முடிந்து வீட்டோடு உட்கார்ந்த மறுமாதமே மருமகள் எஸ்தர் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

எஸ்தர் சென்னையில் ஒரு சீனியர் வக்கீலிடம் ஜூனியர். காலை ட்ரெயினில் போனால் சாயங்காலம்தான் வருவாள். என் மகனுக்கு ரோலிங் மில்லில் ஷிப்ட். அவனுக்குத் தூக்கத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் எஸ்தர் முன்ரூம் கதவைச் சாத்திக்கொள்வாள். போனில் குசுகுசுவென்று பேசுவாள். புதிதாக ஒரு இரும்பு பீரோ வாங்கி, சாவியைத் தாலிச் செயினில் கோத்துக்கொண்டாள்.

பீரோ என்றால் நகை. எனக்குத் தெரியாமல் இந்த வீட்டுக்குள் நகை எப்படி வந்தது? ஒருநாள் குளிக்கப் போகும்போது செயினைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள். நான் திறந்து பார்த்தேன். நகை இல்லை. ஒரு ஃபைலில் ஊறுகாய் பாட்டில் லேபிள். இன்னொன்றில் லுங்கி லேபிள். மூன்றாவதில் தண்ணீர் கேன் மூடியின் படம். எல்லாவற்றுடனும் ஸ்டாம்ப் பேப்பர், கையெழுத்து.

பேக்கிங்கில் இருந்தவளுக்கு லேபிளைப் பற்றிச் சொல்லித்தர வேண்டாம். டூப்ளிகேட் லேபிள் அடிக்கிற கும்பல் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. கடைசியில் என் வீட்டிலுமா?

தலை துவட்டிக்கொண்டு வந்தவளைப் பிடித்துக்கொண்டேன்.

"எஸ்தரு, போலீஸ் வந்தா நான் இன்னா சொல்றது?"

"எதுக்கு அத்தே போலீஸு?"

"நீ லேபிள் அடிக்கிறதுக்கு."

அவள் முதலில் பீரோவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள்.

"டூப்ளிகேட் அடிக்கல அத்தே. ஒருத்தர் ஒரு பேர வெச்சு பொருள் விக்கிறாரு இல்ல, அந்தப் பேரு அவரோடதுன்னு கவர்மென்ட்ல ரிஜிஸ்டர் பண்ணிக் குடுக்குறேன். ட்ரேட்மார்க்கு. புதுசா எதனா மிஷின் கண்டுபுடிச்சா அதுக்கு பேட்டன்ட்டு."

"இது உங்க சீனியருக்குத் தெரியுமா?"

"கேட்டுட்டுதான் பண்றேன். சனி சாயங்காலம், ஞாயிறு சொந்த ஃபைல் பாத்துக்கோ, என் கட்சிக்காரங்களுக்கு எதிரா மட்டும் எதையும் எடுக்காதன்னு சொல்லிட்டாரு. ஃபைலு நெறைய சேந்தா சென்னைக்குப் போறத விட்டுட்டு இங்கியே ஆபீஸு. அதுவரைக்கும் சைடுல."

"அதுக்கு இன்னாத்துக்கு குசுகுசுன்னு பேசறே?"

"கட்சிக்காரங்க விஷயம் வெளிய போவக் கூடாது அத்தே. யார் காதுலயும் வுழக் கூடாது."

"இந்த ஊட்ல யார் காது கீது?"

அவள் என் காதைப் பார்த்தாள்.

2. கிளார்க் ஆன விதம்

யாரும் என்னை வேலைக்கு வைக்கவில்லை. சனிக்கிழமை மூன்று மணிக்கு வரச் சொன்ன ஆள் இரண்டரைக்கே வந்துவிடுவார். எஸ்தர் வரும் ட்ரெயின் மீஞ்சூர் தாண்டாமல் நிற்கும். வந்தவரை வாசலில் நிறுத்த முடியுமா? உட்கார வைத்து டீ கொடுத்தேன். டீ கொடுத்தால் பேசாமல் இருக்க முடியுமா? பேசினேன். அப்படியே கிளார்க் ஆகிவிட்டேன்.

முதல் வேலையாக ஸ்டேஷன் ரோட்டில் ஒரு ஃப்ளெக்ஸ் வைக்கலாம் என்றேன். எஸ்தர் பதறிவிட்டாள். வக்கீல் விளம்பரம் பண்ணக் கூடாதாம். பேரும் அட்வகேட் என்கிற வார்த்தையும் போட்டு ஒரு சின்ன போர்டு மட்டும் மாட்டினாள். என் செருப்பைவிடச் சின்னது. ஊருக்குத் தெரியாமல் செய்கிற தொழில் என்ன தொழிலோ என்று எனக்கு அப்போதும் முழு நம்பிக்கை வரவில்லை.

வந்த ஆட்களும் அப்படித்தான். ஒருத்தர் ஊரே துவைக்கிற ஒரு சோப்பின் பேரில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டு வந்து, "இது என் சொந்த மூளை" என்றார். இன்னொருத்தர் ஒரு மிஷினைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாப்பா அது?"

"காட்ட மாட்டேன். காட்டுனா நீங்க பண்ணிடுவீங்க."

"நான் இட்லிதாம்பா பண்ணுவேன்."

எஸ்தர் வந்து, பேட்டன்ட் வேண்டுமென்றால் மிஷின் எப்படி வேலை செய்கிறது என்று முழுதாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாள். அவர் மிஷினை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு எழுந்துவிட்டார். இன்றைக்கும் மாதம் ஒருமுறை வருகிறார், டீ குடிக்கிறார். துணி அவிழவில்லை.

நான் ஒரு முறை வைத்திருந்தேன். யார் எந்தப் பாக்கெட்டைக் கொண்டுவந்தாலும் திருப்பி, அடியில் இருக்கும் பொடி எழுத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். பேக்கிங்கில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது அது. மேலே இருப்பது விற்கிறவன் சொல்ல ஆசைப்பட்டது, கீழே இருப்பது சொல்லியே ஆக வேண்டியது. கீழ் வரியைப் படி.

3. தேசப்பன்

தேசப்பன் ஒரு சனிக்கிழமை வந்தார். ஐம்பது வயதிருக்கும். பழவேற்காடு பக்கம் மீன்பிடிக் குப்பத்தில் பிறந்து, எஸ்டேட்டில் லேத் ஓட்டி, பிறகு சொந்தமாக ஒரு சின்ன ஷெட் போட்டவர். கிரீஸ் படிந்த கையைக் கழுவுகிற பவுடர் அவருடைய சரக்கு. சோப்புத் தூளும் சலித்த மரத்தூளும் இன்னும் என்னவோ ஒன்றும் கலந்தது. அந்த என்னவோ என்ன என்று நான் மூன்று முறை கேட்டேன், சொல்லவில்லை. ஒர்க் ஷாப், லாரி ஷெட், ஆந்திரா பக்கம் ஹார்ட்வேர் கடைகள் எல்லாவற்றிலும் விற்கிறது. பாக்கெட்டில் இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு ஒரு நண்டு. நண்டு மார்க் கைப் பவுடர்.

"நண்டுக்கு இன்னா தம்பி கிரீஸு?"

"சேத்துலயே கெடக்குது, ஆனா கொடுக்கப் பாருங்க, பளபளன்னு கீது. அத்தப் பாத்துதான்க்கா வெச்சேன்."

பையிலிருந்து இன்னொரு பாக்கெட்டை எடுத்து மேஜையில் பக்கத்தில் வைத்தார். அதிலும் நண்டு.

"இது மாதவரத்துல ஒரு கம்பெனி போடறது. என் நண்டு இந்தப் பக்கம் பாக்குது, அவங்க நண்டு அந்தப் பக்கம் பாக்குது. அவ்ளோதான் வித்தியாசம். பெரிய கம்பெனிக்கா. இந்தப் பேரு அவங்களுக்குப் போச்சுன்னா நான் ஷெட்ட இழுத்து மூடணும். எங்கிட்ட ஆறு பொம்பளைங்க வேல செய்யுதுங்க."

எஸ்தர் வந்து கம்ப்யூட்டரில் தேடினாள். மாதவரம் கம்பெனி அந்தப் பேருக்கு ஏற்கெனவே மனு போட்டு, அது கவர்மென்ட் ஜர்னலிலும் வந்துவிட்டிருந்தது. ஜர்னலில் வந்து நாலு மாதத்துக்குள் எதிர்ப்பு கொடுக்க வேண்டும். மூன்று வாரம்தான் மிச்சம். முதலில் தன் சீனியரின் கட்சிக்காரர் லிஸ்டைப் பார்த்தாள். மாதவரம் கம்பெனி அதில் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே தேசப்பன் பேரில் நண்டுக்கு ஒரு மனுவும், மாதவரம் மனுவுக்கு எதிர்ப்பும் தயார் செய்து போட்டுவிட்டாள். சொந்தமாக அவள் போட்ட முதல் எதிர்ப்பு மனு அது. ட்ரேட்மார்க்கில் சரக்குகளை கிளாஸ் கிளாஸாகப் பிரித்திருக்கிறார்களாம், இந்த மாதிரிப் பவுடரெல்லாம் மூன்றாம் கிளாஸில் வருமாம். நான் அஞ்சாம் கிளாஸ் என்பதால் அந்தக் கேஸை நான் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

கொஞ்ச நாளில் மாதவரத்திலிருந்து பதில் வந்தது. அவர்கள் ஒரு தேதியைச் சொல்லி, அன்றிலிருந்து நண்டு எங்களுடையது, தேசப்பன் அதற்கு முன் உபயோகித்ததற்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது என்று எழுதியிருந்தார்கள்.

"யார் மொதல்ல மனு போட்டாங்கன்றது முக்கியம் இல்ல" என்று எஸ்தர் தேசப்பனுக்குச் சொன்னாள். "யார் மொதல்ல அந்தப் பேர்ல வித்தாங்கன்றதுதான். அவங்க சொல்ற தேதிக்கு முன்னாடி நீங்க வித்த பில்லு வேணும். ரெண்டு மாசம் டயம். அதுக்குள்ள எவிடன்ஸ் போடலன்னா நம்ம எதிர்ப்பு தானா செத்துடும்."

"அவங்களுக்கு ரெண்டு வருஷம் முன்னாடில இருந்தே விக்கிறேன் மேடம்."

"பில்லு?"

தேசப்பன் விட்டத்தைப் பார்த்தார். "கீது. எடுத்தாறேன்."

அந்த விட்டத்தைப் பார்த்த பார்வையை நான் மனதில் குறித்துவைத்துக்கொண்டேன்.

4. கீழ் வரி

எடுத்து வர ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆக்கினார். கெடுவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சப்பையில் மூன்று பில் புக் கொண்டுவந்தார். எல்லாம் ஜிஎஸ்டி வருவதற்கு முந்தைய தேதிகள். எஸ்தருக்கு முகமெல்லாம் வெளிச்சம். உடனே உட்கார்ந்து அஃபிடவிட் டைப் பண்ண ஆரம்பித்தாள்.

நான் ஒரு புக்கை எடுத்துப் புரட்டினேன். எஸ்டேட்டில் ஒரு வருஷம் கிடந்த காகிதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மில்களிலிருந்து வரும் இரும்புத் தூசி ஏறி, விரலால் தேய்த்தால் விரல் சிவக்கும். இந்தக் காகிதமும் பழுப்பாகத்தான் இருந்தது. ஆனால் தேய்த்தால் விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. மோந்து பார்த்தேன். டீ வாசம்.

பிறகு அடி வரியைப் படித்தேன். பில் புக்கில் அடியில் அச்சடித்த பிரஸ் பேர் இருக்குமே, அது. எழுத்துக் கூட்டிப் படித்து முடித்ததும் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். பஜாரில் மாடியில் இருக்கும் பிரஸ் அது. என் பேத்தியின் ஞானஸ்நானப் பத்திரிகையை அங்கேதான் அடித்தோம். கடை திறந்த முதல் வாரம், லட்டு கொடுத்தார்கள். அந்தப் பேத்திக்கு இப்போது நாலு வயது. ஜிஎஸ்டிக்கு முந்தின பில்லில் அந்த பிரஸ் எப்படி வந்தது?

ஆளை வைத்துக்கொண்டு பேசக் கூடாது.

"எஸ்தரு, பாலு பொங்குது, கொஞ்சம் வா" என்று சமையல்கட்டுக்குள் போனேன். அடுப்பு பற்றவைக்கவே இல்லை. அவள் அடுப்பைப் பார்த்தாள், நான் புக்கை நீட்டினேன்.

"இந்த ஆளு திருடன்."

"அத்தே, மெதுவா."

"மெதுவாதான் சொல்றேன். அடியில பிரஸ் பேரப் படி. அது தொறந்து எவ்ளோ நாளாச்சு சொல்லு."

படித்தாள். அரிசி டின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"இத்த நான் போட்டிருந்தா..."

"இன்னா ஆவும்?"

"எதிர்ல கீறவங்க ஒரே ஒரு கேள்வி கேட்டா போதும் அத்தே. நண்டு போயிடும். பொய் சத்தியம் பண்ணாருன்னு அவரு மேல வேற வரும். தெரிஞ்சே போட்டேன்னு சொல்லிட்டா என் கவுனே போயிடும்."

முன்ரூமுக்குத் திரும்பி வந்து, புக்கை அவர் முன்னால் விரித்து வைத்து, பிரஸ் பேர் மேல் விரலை வைத்தாள். தேசப்பன் அந்த விரலைப் பார்த்தார். பிறகு அழுதார்.

"வெள்ளம் வந்துச்சே, அந்த மழைல ஷெட்டுல இடுப்பு மட்டும் தண்ணி மேடம். பில் புக்கு, டைரி, எல்லாம் கூழாப் போச்சு. எந்தக் கடைக்கு எத்தினி பொட்டி போட்டேன்னு எனக்கு மனப்பாடம். அத்த அப்பிடியே எழுதினேன். ஒரு பொட்டி கூட கூட்டிப் போடல. வெள்ளையா இருந்தா நம்ப மாட்டாங்க, டீத்தண்ணில முக்குன்னு பிரஸ்காரரு சொன்னாரு. எழுதுனது அத்தினியும் நெஜம் மேடம்."

"எழுதுனது நெஜமா இருக்கலாம்ணா. எழுதுன பேப்பரு பொய். இத்த நான் தொட மாட்டேன்."

"அப்ப நண்டு போச்சா?"

எஸ்தர் டைப் பண்ணியிருந்த அஃபிடவிட்டை அழித்தாள்.

அழுகிறவர்களை நான் நம்புவதில்லை. எங்கள் செக்‌ஷனில் ஒரு சூப்பர்வைசர் அழுதுகொண்டே ஆளை வேலையை விட்டு நிறுத்துவார். சமையல்கட்டில் திருடன் என்றேனே, அந்தச் சந்தேகம் இன்னும் அப்படியே இருந்தது. சரி, இந்த ஆள் நிஜமாகவே அந்தக் காலத்தில் சரக்கு அனுப்பினாரா இல்லையா, கேட்டுப் பார்த்துவிடலாம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"எந்தக் கடைக்கு அனுப்புனே?"

"ஆந்திரால சுள்ளூர்பேட்டைல ஒரு ஹார்ட்வேர் கடைக்கா. அதான் பெரிய பார்ட்டி."

"எப்பிடி அனுப்புனே?"

"வாடகை வண்டில. பார்டர்ல எளாவூர் செக்போஸ்ட்டு வழியா."

"செக்போஸ்ட்ல இன்னா பண்ணாங்க?"

"லைன்ல நிக்கணும். பில்லக் காட்டணும். சீல் போடுவாங்க."

"எந்தப் பில்லுல? உன் புக்குலயா?"

"புக்கு ஷெட்டுல இல்ல கீது? சரக்கோட போற பார்ட்டி காப்பில தான்க்கா சீலு."

சரியான பதில். பொய் சொல்கிறவன் என் புக்கில்தான் போட்டார்கள் என்று சொல்லியிருப்பான். எங்கள் கம்பெனி நட்டு போல்ட்டும் அந்த வழியாகத்தான் போகும். சீல் விழுந்த காப்பி திரும்பி வராது, சரக்கு வாங்கினவரிடமே தங்கிவிடும்.

"அப்ப அந்தக் காப்பி எங்க கீது?"

"அது அவங்க கடைல..." என்று ஆரம்பித்த தேசப்பன் நிறுத்தினார். எஸ்தர் நிமிர்ந்தாள்.

இத்தனை நாளும் இரண்டு பேரும் காகிதத்தைத் தேசப்பன் வீட்டிலேயே தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

5. சுள்ளூர்பேட்டை நைனா

திங்கட்கிழமை எஸ்தர் சீனியரிடம் லீவு சொல்லிவிட்டாள். மூன்று பேரும் ட்ரெயின் ஏறினோம். என்னை எதற்கு என்று எஸ்தர் கேட்டாள். கிளார்க் இல்லாமல் எந்த வக்கீல் வெளியூர் போவார் என்று கேட்டேன்.

ஹார்ட்வேர் கடைக்காரருக்கு என் வயது இருக்கும். கல்லாவில் உட்கார்ந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எஸ்தர் பழைய பில் வேண்டும் என்றதும், அவள் கையிலிருந்த ஃபைலைப் பார்த்து முகம் மாறி, தெலுங்கும் தமிழுமாகக் கேட்டார்.

"பழைய பில்லா? எந்துக்கு? டாக்ஸ் ஆபீஸா?"

"இல்லீங்க, இவரோட கேஸுக்கு."

"பில்லு லேது. பழசு எல்லாம் போட்டாச்சு. இவரு எவரோ நாகு தெலியாது."

தேசப்பன் கடைப் படியிலேயே நின்றுவிட்டார். "நைனா, நான்தான். தேசப்பன்" என்றார்.

"தெலியாதுன்னு செப்பினேனே."

எனக்குச் சுருக்கென்றது. பார்ட்டிக்கே ஆளைத் தெரியவில்லை என்றால் நேற்று அழுதது என்ன அழுகை? எஸ்தர் என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அதே நினைப்பு என்று தெரிந்தது. ஆனால் கடைக்காரர் தேசப்பன் முகத்தை மட்டும் பார்க்கவே இல்லை. எங்கள் இரண்டு பேரையும் நன்றாகப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், அவரைப் பார்க்கவில்லை. தெரியாத ஆளை யார் அப்படிப் பார்க்காமல் இருப்பார்கள்?

"வா தம்பி போலாம்" என்று சத்தமாகச் சொன்னேன். "பெரியவரு சொல்றதுதான் சரி. உன் நண்டெல்லாம் யாருக்குத் தெரியும்? மாதவரம் நண்டுதான் நல்லா விக்கிதாம். இனிமே எல்லாரும் அதான் வாங்கணும்."

"ஆ சரக்கா?" என்று கடைக்காரர் திரும்பினார். "கையெல்லாம் அரிப்பு. ஒரே வாரத்துல ரிட்டர்ன் பண்ணேன்."

"ஐயையோ. அப்ப அரிக்காதது எது நைனா?"

"இவருதுதான். எத்தினி வருஷமா வாங்குறேன், ஒரு கம்ப்ளைன்ட் லேது."

"இவரு எவரோ தெலியாதுன்னீங்களே."

கடைப்பையன்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் தராசைத் துடைத்தார். பிறகு, "டாக்ஸ் இல்லையே? சத்தியமா?" என்றார். எஸ்தர் தன் ஐடி கார்டைக் காட்டினாள். வாங்கித் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கீழ் வரியையும் படித்தார். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துவிட்டது.

பின்கட்டு குடோனில் விட்டத்திலிருந்து வரிசையாகக் கம்பிகள் தொங்கின. ஒரு வருஷத்துக்கு ஒரு கம்பி, மீன் கோத்த மாதிரி பில் கோத்திருந்தது. போட்டாச்சு என்றாரே, இங்கேதான் போட்டு வைத்திருந்தார். தேசப்பன் ஏணியில் ஏறி ஒவ்வொரு கம்பியாக இறக்கினார். மூன்று மணி நேரம் தேடினோம். எலி தின்றது போக, கரையான் அரித்தது போக, பதினொரு பில் கிடைத்தது. ஒவ்வொன்றிலும் மேலே நண்டு. ஏழு பில்லில் எளாவூர் சீல், ஊதா மை, தேதியோடு. அதில் நாலு பில் மாதவரம் கம்பெனி சொன்ன தேதிக்கு முந்தியது. ஒன்றை நான் விரலால் தேய்த்துப் பார்த்தேன். ஹார்ட்வேர் கடையிலும் இரும்புத் தூசிக்குக் குறைச்சல் இல்லை, விரல் சிவந்தது.

ஒரிஜினலைக் கையில் கொடுக்க மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஜெராக்ஸ் கடைக்கு அவரே வந்தார். மிஷினுக்குள் வைக்கும்போதும் பில்லின் ஒரு மூலையை விடவில்லை. முதல் ஜெராக்ஸில் அவருடைய கட்டை விரலும் விழுந்தது. கேஸ் பேசும்போது ஒரிஜினல் தேவைப்பட்டால் தானே எடுத்து வருவதாகச் சொல்லி, எத்தனை வருஷமாக வாங்குகிறார் என்று அவர் பேரில் தனியாக ஒரு அஃபிடவிட்டும் நோட்டரி முன்னால் போட்டுக் கொடுத்தார். கையெழுத்துப் போடுவதற்குமுன் எஸ்தரை மூன்று முறை படித்துக் காட்டச் சொன்னார்.

தேசப்பனின் அஃபிடவிட்டில் எஸ்தர், தன்னிடம் இருந்த பில் புக்குகள் மழையில் அழிந்துவிட்டன என்று நேராகவே எழுதினாள். தொலைந்ததைத் தொலைந்தது என்று எழுத ஒரு வரிதான் ஆனது. அந்த ஒரு வரிக்குப் பயந்துதான் மனிதர் மூன்று புக் அச்சடித்து டீயில் முக்கியிருக்கிறார். அந்த மூன்றையும் அவரே எங்கள் வாசலில் உட்கார்ந்து கிழித்தார். கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு எவிடன்ஸ் போய்ச் சேர்ந்தது.

பல மாதம் கழித்து மாதவரம் கம்பெனி தன் மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டது. ஏன் என்று எழுதவில்லை. அதில் என்ன சூது இருக்கிறதோ என்று நான் ஒரு வாரம் யோசித்தேன். எஸ்தர் யோசிக்காமல் தேசப்பன் பேரில் போட்ட மனுவை நகர்த்திவிட்டாள். இப்போது அவள் சென்னைக்கு வாரத்தில் மூன்று நாள்தான் போகிறாள்.

தொழில் பழக வந்த பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. சந்தேகப்படுங்கள். சந்தேகப்படாதவர்களுக்கு இந்தத் தொழில் ஆகாது. ஆனால் காகிதத்தைத் தனியாகச் சந்தேகப்படுங்கள், ஆளைத் தனியாகச் சந்தேகப்படுங்கள். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் நான் சமையல்கட்டில் சொன்ன மாதிரி ஒரு நல்ல மனிதனைத் திருடன் என்று சொல்லிவிடுவீர்கள். அப்படிச் சொன்னதைப் பிறகு தேசப்பனிடமே ஒப்புக்கொண்டேன். "தெரியும்க்கா, பாலு பொங்குதுன்னீங்க, வாசனையே வர்ல" என்றார்.

வாபஸ் சேதி வந்த அன்று தேசப்பன் பழவேற்காட்டிலிருந்து ஒரு கூடை நண்டோடு வந்தார். எஸ்தரைப் பார்த்துக் கை கூப்பியவர் வாசலிலேயே அழ ஆரம்பித்தார். சின்ன அழுகை இல்லை, தெருவே கேட்கிற அழுகை. கண்ணைத் துடைத்துக்கொண்டே சைக்கிள் ஏறிப் போனார். அவர் தெருமுனை திரும்பக்கூட இல்லை, பக்கத்து வீட்டுக் கஸ்தூரி இன்னும் இரண்டு பேரோடு வந்துவிட்டாள்.

"இன்னாக்கா, அந்தாளு ஓன்னு அழுதுகினு போறாரு? உங்க மருமக இன்னா பண்ணுச்சு? நெலம் கிலம் எழுதி வாங்கிடுச்சா?"

கேஸ் என்று ஆரம்பித்தால் பில் புக் வரை இழுத்துவிடுவார்கள், தேசப்பன் மானம் போகும். ஒன்றுமில்லை என்றால் எஸ்தர் மானம் போகும். மூன்று பேரும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லடி" என்றேன். "நான் வெச்ச நண்டுக் கொழம்ப ஒரு வாய் சாப்ட்டாரு. காரம் தாங்க முடியல, அழுதுட்டாரு."

கஸ்தூரி மற்ற இரண்டு பேரையும் பார்த்தாள். "அதான பாத்தேன்" என்றாள். "பாவம், எங்க ஊட்டாண்ட நிறுத்தி இருந்தா மோராவது குடுத்து அனுப்பியிருப்பேன்."

மூன்று பேரும் கலைந்து போய்விட்டார்கள். வாழ்நாள் முழுக்க நான் எது சொன்னாலும் மூன்று குறுக்குக் கேள்வி கேட்கிறவர்கள், அன்றைக்கு ஒருத்திகூட ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.